ஆடுதொடா இலையும் பூனைவணங்கியும்

மணப்பாட்டில் கடலுக்குள் நீண்டு நிற்கும் மணற்குன்றின் மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம் இருக்கிறது. அந்தக் குன்றில் ஏறி நின்றால் இரண்டு விலங்குகளை ஒரே பார்வையில் பார்க்கலாம். சரிவில் வெள்ளாடுகள் முள்ளையும் கொடியையும் விலக்கி விலக்கி மேய்ந்துகொண்டிருக்கும். கீழே, படகு ஏற்றிப் போட்ட மணலில், வலையிலிருந்து மீன் கழிக்கிறவர்களின் காலடியில் பூனைகள் உட்கார்ந்திருக்கும். உதிர்கிற சாளையிலும் நெத்திலியிலும்தான் அவற்றின் கண். பக்கத்தில் இருக்கிற பச்சையை ஏறெடுத்தும் பார்க்காது.

செடிகளுக்கு நம் முன்னோர் வைத்த பெயர்களில் இந்த இரண்டும் இடம்பிடித்திருக்கின்றன. இந்த மணலில் படர்ந்து ஊதாப் பூ பூக்கிற அடம்பின் இலை, ஆட்டுக் குளம்பைப் போலப் பிளந்திருக்கும். அதனால் ஆட்டுக்கால் அடம்பு. இது வடிவம் பார்த்து வைத்த பெயர். ஆடாதோடை அப்படியல்ல. ஆடு தொடாத தழை என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அதன் இலையில் வாசிசின் என்ற கசப்பான ஆல்கலாய்டு இருக்கிறது. ஆடுதீண்டாப்பாளை என்று இன்னொன்று. அதில் இருப்பது அரிஸ்டோலோக்கிக் அமிலம். சிறுநீரகத்தைக் கெடுத்துப் புற்றுநோயையும் வரவழைப்பது. பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காக மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானதை 1993இல்தான் மருத்துவ உலகம் கண்டுகொண்டது. அந்த மாத்திரையில் கலந்திருந்தது இதே குடும்பத்துச் செடி. ஆட்டின் பின்னால் நடந்தவர்கள் அந்தக் குடும்பத்தைப் பற்றிய எச்சரிக்கையை எப்போதோ பெயராகவே எழுதிவைத்துவிட்டார்கள். குப்பைமேனிக்கோ பூனைவணங்கி என்று பெயர். பூனை அதைத் தின்னாது. வேரை மோந்து, மேலெல்லாம் தேய்த்து, மயங்கிப் புரளும்.

ஆடு எதைத் தொடாது என்பதற்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது, மற்றதையெல்லாம் அது தின்னும் என்பதால். பூனை எதைத் தின்னாது என்று பெயர் வைக்க ஒருவரும் மெனக்கெடவில்லை. இந்த வேறுபாடு இரண்டின் ஈரல்வரை இறங்கியிருக்கிறது. அதைத்தான் இங்கே அருகருகே வைத்துப் பார்க்கப் போகிறேன். ஆட்டையும் பூனையையும் ஒரே வீட்டில் வளர்த்து, இரண்டுக்கும் ஒரே மருந்துப் பெட்டியைத் திறக்கிற ஊர்கள் நம்முடையவை. ஆகவே இது பாடப்புத்தகத்தோடு முடிகிற செய்தி இல்லை.

ஓர் அளவீட்டிலிருந்து தொடங்குகிறேன். வில்லோ மரப்பட்டை காய்ச்சலைத் தணிக்கும் என்று 1763இல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார் எழுதினார். அந்தப் பட்டையின் சரக்கு சாலிசிலேட் வகையைச் சேர்ந்தது. ஆஸ்பிரின் அதன் வழிவந்ததுதான். நீலகிரியில் வளரும் ஒரு குத்துச்செடியின் இலையிலிருந்து விண்டர்கிரீன் தைலம் வடிக்கிறார்கள். அதுவும் அநேகமாக முழுக்க மெத்தில் சாலிசிலேட். வலை இழுத்துத் தோள் கடுத்தவர்கள் இரவில் தேய்த்துக்கொள்கிற வலித்தைலத்தின் வாசனை இதுதான்.

1972இல் டேவிஸ், வெஸ்ட்ஃபால் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஐந்து விலங்குகளின் இரத்தத்தில் சாலிசிலேட்டைச் செலுத்தி, அதில் பாதி மறைய எவ்வளவு நேரமாகிறது என்று கணக்கெடுத்தார்கள். குதிரைக்கு ஒரு மணி நேரம். பன்றிக்கு 5.9 மணி. நாய்க்கு 8.6 மணி. வெள்ளாட்டுக்கு 0.78 மணி, அதாவது முக்கால் மணி நேரத்துக்குச் சற்றே கூட. பூனைக்கு 37.6 மணி. காலையில் போன மருந்து மத்தியானத்துக்குள் ஆட்டின் உடம்பில் தடம் தெரியாமல் போய்விடும். பூனையின் உடம்பிலோ மறுநாள் இரவிலும் பாதி அப்படியே நிற்கும். கிட்டத்தட்ட 48 மடங்கு வித்தியாசம்.

ஏன் இப்படி? அந்நியப் பொருளை உடம்பு எப்படி வெளியேற்றுகிறது என்று தெரிந்தால் விடை கிடைத்துவிடும். செடியின் வேதிப்பொருள்களில் பல எண்ணெயில் கரைபவை. அப்படியே விட்டால் சிறுநீரகம் வடிகட்டினாலும் திரும்பவும் இரத்தத்துக்குள் ஊறிப் போய்விடும். அதனால் ஈரல் இரண்டு வேலை செய்கிறது. முதலில் சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் கூட்டம் அந்தப் பொருளில் பெரும்பாலும் ஓர் ஆக்சிஜனைக் கோத்து, பிடிப்பதற்கு ஒரு காது வைக்கிறது. அடுத்து இன்னொரு கூட்டம் அந்தக் காதில் நீரில் கரையும் சுமை ஒன்றைக் கட்டிவிடுகிறது: சர்க்கரையிலிருந்து வரும் குளூக்குரோனிக் அமிலம், அல்லது சல்பேட், அல்லது கிளைசின். கட்டியாகிவிட்டால் அது நீரோடு போகும் பொருள்; சிறுநீரிலோ பித்தத்திலோ இறங்கி வெளியேறிவிடும். சாலிசிலேட், கிராம்பின் யூஜினால், ஓமத்தின் தைமால் போன்றவற்றில் காது ஏற்கெனவே இருக்கிறது. அவற்றுக்குக் கட்டும் வேலைதான் முக்கியம்.

பூனையிடம் குறைவது இந்தக் கட்டுகளில் ஒன்றுதான். குளூக்குரோனிக் அமிலத்தைக் கட்டும் நொதிகளில் சிறிய ஃபீனால்களைக் கவனிப்பதற்கு யுஜிடி1ஏ6 என்று ஒன்று உண்டு. அதற்கான மரபணு பூனையிடம் இருக்கிறது. ஆனால் இடையிடையே உடைந்து, படிக்க முடியாமல் கிடக்கிறது. இதை 2000இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கோர்ட்டும் கிரீன்பிளாட்டும் காட்டினார்கள். 2011இல் வந்த அடுத்த ஆய்வு, சிங்கம் புலி உட்பட பூனைக் குடும்பம் முழுவதிலும் அது உடைந்தே இருப்பதைக் கண்டது. வீட்டுக்கு வந்து சோம்பேறியானதால் வந்த குறை இல்லை இது. ஒரு கோடி ஆண்டுக்கும் மேல் பழசு. அதே ஆய்வு, பூனைக்கு எந்த நெருங்கிய உறவும் இல்லாத வட யானைச்சீலிலும் இந்த மரபணு தனியாக உடைந்திருப்பதைக் கண்டது. மீனும் கணவாயும் தின்று கடலில் வாழும் விலங்கு அது. செடி தின்னாத இரண்டு குலங்கள், வெவ்வேறு வழியில், ஒரே கருவியைத் தொலைத்திருக்கின்றன.

தொலைத்தது அந்த ஒன்றை மட்டுமில்லை. இனிப்பை உணரும் ஏற்பியின் மரபணுவும் பூனையிடம் செத்துக் கிடப்பதை 2005இல் அமெரிக்காவின் மோனெல் ஆய்வகம் கண்டுபிடித்தது. காரட்டின் மஞ்சள் நிறமியிலிருந்து வைட்டமின் ஏ செய்துகொள்ளவும் அதற்குத் தெரியாது. ஈரலிலிருந்தும் மீனிலிருந்தும் ஆயத்தமாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தன் இரத்தம் சிதைவதால் உண்டாகும் பிலிருபின் என்ற பித்த நிறமியைக் கட்டி வெளியேற்றும் நொதி பூனையிடம் நல்லபடியாகவே வேலை செய்கிறது. அது உடம்பின் சொந்தக் கழிவு, தினமும் வருகிற வேலை. தினம் வருகிற வேலைக்கான கருவி நிலைத்தது. வராத வேலைக்கான கருவி துருவேறியது. ஈரலுக்கு வலிமை, பலவீனம் என்று பேசுவதைவிட, ஒவ்வொரு ஈரலும் தன் இனம் சாப்பிட்ட சாப்பாட்டின் பதிவேடு என்று சொல்வதே சரி என நான் நினைப்பது இதனால்தான்.

பென்சாயிக் அமிலத்தின் கதை இதை இன்னும் தெளிவாக்கும். குதிரையின் சிறுநீரிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்த ஜெர்மன் வேதியியலாளர் லீபிக், குதிரைக்கான கிரேக்கச் சொல்லை வைத்து 1829இல் அதற்கு ஹிப்யூரிக் அமிலம் என்று பெயரிட்டார். 1840களின் தொடக்கத்தில் வில்ஹெல்ம் கெல்லர் என்பவர் பென்சாயிக் அமிலத்தைத் தானே விழுங்கி, தன் சிறுநீரில் அதே ஹிப்யூரிக் அமிலத்தைப் பார்த்தார். உடம்பு அந்நியப் பொருளோடு தன்னுடையதைக் கட்டி அனுப்புகிறது என்று உலகம் முதன்முதலில் அறிந்த தருணங்களில் ஒன்று அது. தழை தின்னும் ஆட்டின் சிறுநீரிலும் ஹிப்யூரிக் அமிலம் தாராளமாக உண்டு. பூனையாலும் இந்த ஒரு கட்டைப் போட முடியும். ஆனால் அது சிறு அளவோடு நிரம்பிவிடும், மாற்று வழியும் அதனிடம் கிடையாது. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில், கெடாமலிருக்க பென்சாயிக் அமிலம் சேர்த்த இறைச்சியைத் தின்ற பூனைகள் நடுங்கி, வலிப்பு கண்டு இறந்தன. ஆட்டுக்கு அன்றாட வரவாக இருக்கும் பொருள் பூனைக்கு நஞ்சாயிற்று.

இனி ஆட்டின் பக்கம். ஆட்டின் ஈரலைப் பேசுமுன் அதன் வாயைப் பேச வேண்டும். உடன்குடிக்குப் போகிற வழியில் தேரி ஓரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டையா ஒருவரிடம், இத்தனை செடியிலும் வாய் வைக்கிறதே, ஒன்றும் செய்யாதா என்று கேட்டேன். “ஒரே செடியில நிக்காது பாத்துக்கிடுங்க. ரெண்டு வாய் கடிக்கும், அடுத்ததுக்குப் போயிரும். அதுக்குத் தெரியும்யா எவ்வளவுன்னு” என்றார். நின்று பார்த்தேன். ஒரு கிடாய்க்குட்டி உடை மரத்தின் கீழே உதிர்ந்த நெற்றை நாலு பொறுக்கியது. பின்னங்காலில் எழும்பி வேலம் கொழுந்தை இழுத்தது. இறங்கி அடம்பை மோந்து விட்டுவிட்டது. பிறகு தாயின் பக்கம் போய், தாய் கடித்த செடியிலேயே தானும் கடித்தது. வெவ்வேறு செடிகளின் நஞ்சுகள் பெரும்பாலும் வெவ்வேறு வழியில் சிதைபவை. பலவற்றில் கொஞ்சம் கொஞ்சம் தின்றால் எந்த வழியும் அடைபடாது. தின்றபின் வயிற்றைப் புரட்டிய செடியின் ருசியை நினைவில் வைத்து ஒதுக்கவும், தாயைப் பார்த்துப் பழகவும் ஆட்டுக்குத் தெரியும். அமெரிக்காவில் ஃபிரெட் புரோவென்சா பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியதும் பாட்டையா சொன்னதும் ஒன்றுதான்.

வாய்க்கு அடுத்தது முதல் வயிறு. தின்ற தழை ஈரலைப் பார்க்கும் முன்னால் அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்களின் கையில் நொதித்துக் கிடக்கிறது. ஆட்டின் நஞ்சு நீக்கத்தில் பெரும்பங்கு ஆட்டினுடையதே இல்லை, அதன் குடித்தனக்காரர்களுடையது. இதற்குச் சவுண்டலைவிட நல்ல சாட்சி கிடையாது. சூபாபுல் என்றும் சொல்கிற அந்த மரத்தின் தழையில் மைமோசின் என்ற பொருள் இருக்கிறது. அளவு மீறினால் மயிர் கொட்டும். வயிற்றில் அது டிஎச்பி என்ற பொருளாக மாறித் தைராய்டு சுரப்பியையும் வீங்கவைக்கும். ஆஸ்திரேலிய ஆடுமாடுகள் இதனால் துன்பப்பட்டன. ஹவாய்த் தீவின் ஆடுகளோ அதே தழையைத் தின்று திடமாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர், வேற்றுமை ஆட்டில் இல்லை, வயிற்று நீரில் இருக்கும் கிருமியில் இருக்கிறது என்று ஊகித்தார். 1980களில் தாங்கும் ஆட்டின் வயிற்று நீரைத் தாங்காத ஆட்டுக்குள் ஊற்றினார்கள். தாங்காத ஆடும் தாங்கத் தொடங்கியது. டிஎச்பியைச் சிதைக்கும் அந்தப் பாக்டீரியாவுக்கு 1992இல் சினர்ஜிஸ்டஸ் ஜோன்சி என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

பூனைக்கு உடைந்த மரபணுவை யாரும் ஊற்றிக் கொடுக்க முடியாது. ஆட்டுக்கோ நஞ்சு தாங்கும் திறமையை ஒரு குவளையில் கடன் வாங்கிக் கொடுக்கலாம். இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் பிரமிக்கவைத்த இடம் இது. நம் கால்நடை மருத்துவர்கள் செரிமானம் நின்றுபோன மாட்டுக்கு நல்ல மாட்டின் வயிற்று நீரை எடுத்துப் புகட்டுவதும் இதே அறிவுதான்.

உடை நெற்றிலும் வேலங்காயிலும் துவர்ப்பாக இருக்கும் டானினும் இப்படித்தான். அது புரதத்தைப் பிடித்து இறுக்கிக்கொள்ளும். வேலமரம் மேயும் காட்டு ஆடுகளின் வயிற்றில், டானின் பிடித்த புரதத்தையும் பிரித்துத் தின்னும் ஒரு பாக்டீரியாவை 1994இல் ஆஸ்திரேலியாவில் கண்டார்கள். பிரியாமல் எஞ்சியது புழுக்கையோடு வந்துவிடும். டானின் அதிகம் தின்ற ஆட்டின் தழைச்சத்துக் கழிவு சிறுநீரில் குறைந்து புழுக்கையில் கூடும். அது மண்ணில் மெதுவாகப் பிரியும். அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடச் சொல்கிற விவசாயி கேட்பது இந்தப் புழுக்கையைத்தான்.

சிறுநீரிலும் ஒரு வேறுபாடு உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தழையின் பொட்டாசிய உப்புகளால் ஆட்டின் சிறுநீர் காரத்தன்மை உடையது. மீனும் இறைச்சியும் தின்னும் பூனையின் சிறுநீர் அமிலத்தன்மை உடையது. சாலிசிலேட் போன்ற வலுக்குறைந்த அமிலங்கள் கார நீரில் மின்னேற்றம் பெற்று அங்கேயே மாட்டிக்கொள்ளும். அமில நீரில் நழுவி இரத்தத்துக்கே திரும்பும். கட்டுப் போடுவதில் பின்தங்கிய பூனைக்கு வடிகாலும் சாதகமாக இல்லை.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் ஆடு எதையும் தாங்கும் என்று தோன்றும். அந்த எண்ணம் தவறு. கரிசல் பக்கம், மழை பொய்த்து வாடிய இளஞ்சோளத்தில் ஆடுமாடு இறங்கினால் என்ன ஆகும் என்று கோவில்பட்டி, விளாத்திகுளம் சம்சாரிகளைக் கேளுங்கள். வாய் நுரைத்து, மூச்சு வாங்கி, சில நிமிடங்களில் சாய்ந்துவிடும். சோளத்தில் இருக்கும் துரின் என்ற பொருள் உடையும்போது சயனைடு வெளியாகிறது. ஈரலில் ரோடனீஸ் என்ற நொதி சயனைடோடு கந்தகத்தைச் சேர்த்துத் தயோசயனேட்டாக்கிச் சிறுநீருக்கு அனுப்பத்தான் செய்கிறது. ஆனால் சவுண்டலில் காப்பாற்றிய அதே முதல் வயிறு இங்கே காட்டிக்கொடுக்கிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் துரினை ஈரல் சமாளிக்க முடியாத வேகத்தில் உடைத்துவிடுகின்றன. ஒற்றை வயிற்று விலங்குகளின் கடும் அமிலத்தில் அந்த வேகம் இராது. மருத்துவர் உடனே வந்து சோடியம் தயோசல்பேட் போட்டால் பிழைக்கும். அது ரோடனீஸுக்குத் தேவையான கந்தகத்தைக் கொடுக்கிறது.

கால்வாய்க்கரையிலும் குளத்தோரத்திலும் வளரும் நெய்வேலிக் காட்டாமணக்கு இன்னொரு விதம். அதிலுள்ள ஸ்வைன்சோனின், செல்லுக்குள் சர்க்கரைச் சங்கிலிகளை வெட்டும் நொதியை முடக்கிவிடும். வெட்டப்படாதவை செல்லிலேயே தேங்கும். வாரக்கணக்கில் தின்ற ஆடு தலை ஆட்டி, கால் தடுமாறி, மெலிந்து போகும். பழகிய ஆடு அதையே தேடிப் போகும் என்பதுதான் கொடுமை. சீமைக் கருவேல நெற்றையே முழுத் தீனியாக மாதக்கணக்கில் கொடுத்தால் தாடை நரம்பு தளர்ந்து முகம் கோணும். பிரேசிலில் மாட்டிலும் ஆட்டிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு வாய் கடித்து நகரும் ஆட்டை ஒரே செடியின் முன் கட்டிப்போட்டால் அதன் பாதி வித்தை போய்விடுகிறது.

விரைந்து வெளியேற்றும் உடம்புக்கு வேறொரு விலையும் உண்டு. அல்பெண்டசோல் போன்ற குடற்புழு மருந்தைச் செம்மறிக்குக் கொடுக்கும் அளவிலேயே வெள்ளாட்டுக்குக் கொடுத்தால் பல நேரம் போதாது. புல் மேயும் செம்மறியைவிடத் தழை கடிக்கும் வெள்ளாடு மருந்தை வேகமாகக் கழித்துவிடுகிறது. குறைந்த அளவுக்குப் பழகிய புழு பிறகு எந்த அளவுக்கும் சாகாது. கன்னி ஆடோ கொடி ஆடோ வளர்க்கிறவர்கள், பக்கத்து வீட்டுச் செம்மறிக்கு எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துத் தாங்களாகவே மருந்து வாங்காமல், ஆட்டின் எடையைச் சொல்லி மருத்துவரிடம் அளவு கேட்டுக் கொடுக்க வேண்டும்.

பூனை விஷயத்தில் தவறு எதிர்த்திசையில் நடக்கிறது. எங்கள் தெருவில் ஓர் அக்கா, சோர்ந்து படுத்திருந்த தன் பூனைக்குப் பாரசிட்டமால் கொடுத்தார். “பிள்ளைக்கு காய்ச்சல்னா குடுக்குறதுதானே, அதுலயும் பாதிதான் குடுத்தேன்” என்றார். சாயங்காலம் பூனையின் முகம் வீங்கியிருந்தது. ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது, சாக்லேட் நிறத்தில் இருந்தது. விடிவதற்குள் இறந்துவிட்டது. பாரசிட்டமால் செடியிலிருந்து வந்ததில்லை. ஆனாலும் அது ஒரு ஃபீனால்; அதைக் கட்டி அனுப்பவேண்டிய நொதி பூனையிடம் உடைந்து கிடக்கும் அதே நொதிதான். கட்டப்படாத மருந்து இரத்தச் சிவப்பணுவையே கெடுத்து, ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் செய்துவிடுகிறது. அன்போடு கொடுத்த கை அது. அவரை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். அவருக்கு இதை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மருந்தே கூடாது என்றும் இல்லை. இரத்தக்கட்டிக்காகப் பூனைக்குக் கால்நடை மருத்துவர்கள் ஆஸ்பிரினே கொடுத்திருக்கிறார்கள். மிகச் சிறிய அளவில், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. அந்த 37.6 மணி நேரத்தைத் தெரிந்து கொடுப்பதற்கும் தெரியாமல் கொடுப்பதற்கும் இடையில் ஓர் உயிர் இருக்கிறது.

செடியோடு பூனைக்கு உறவே இல்லையா என்றால், பூனைவணங்கியிடம் திரும்ப வேண்டும். குப்பைமேனியில் பூனையை ஈர்க்கும் இரண்டு பொருள்களை 2016இல் மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்தார் 2021இல், இதற்கு ஒத்த பொருளுள்ள வேறொரு செடியில் பூனை தேய்த்துக்கொள்வதால் கொசு அண்டுவது குறைகிறது என்று கண்டார்கள். ஆடு செடியை உள்ளே விட்டுச் சமாளிக்கக் கற்றது. பூனை செடியை மேலே பூசிக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டது. அந்த மேல்தோலையும் அது நாக்கால்தான் சுத்தம் செய்யும் என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மயிரில் படுவது எல்லாம் அதன் வயிற்றுக்குப் போகும்.

ஆகவே பூனை வளர்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வலித்தைலம் தேய்த்த கையைக் கழுவிவிட்டுப் பூனையைத் தூக்குங்கள். கிராம்பெண்ணெய், நீலகிரித் தைலம், சூடம் கரைத்த எண்ணெய் எதையும் அதன் மேல் பூசாதீர்கள். பைன் எண்ணெய் கலந்த பினாயிலால் துடைத்த தரை காயும்வரை அதை உள்ளே விடாதீர்கள். நாயின் உண்ணிக்கு விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தை, ஒரு சொட்டுதானே என்று பூனைக்கு விடாதீர்கள். நம் வீட்டு மாத்திரை எதையும் கால் பங்குகூடக் கொடுக்க வேண்டாம். தெரியாமல் கொடுத்துவிட்டாலோ, முகம் வீங்கி ஈறு நிறம் மாறினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். பாரசிட்டமாலுக்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவுக்கு அது பூனையைக் காப்பாற்றும்.